நாச்சிமுத்து அண்ணனைப் பற்றிய குறிப்புகள்

அக்டோபர் 8, புதன்

இதை எழுதுவது நாச்சிமுத்து அண்ணனுக்காக.

எங்கள் அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் செல்போனில் ஒரு பயிற்சி வீடியோ அனுப்பியிருந்தார்கள். ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எப்படி ஓய்ந்துபோகிறார்கள் என்று ஒரு டாக்டரம்மா பேசினார். கூட வேலை செய்பவரைக் கவனியுங்கள், அவரிடம் மாற்றம் தெரிந்தால் தேதி போட்டு எழுதி வையுங்கள், பிறகு மேலதிகாரியிடம் சொல்ல உதவும் என்றார். அதனால்தான் தொடங்குகிறேன்.

அண்ணன் எங்கள் வண்டியை ஓட்டுகிறவர். எங்கள் வேலையில் டிரைவரைப் பைலட் என்பார்கள். அவர் முன்னால், நான் பின்னால் நோயாளியோடு. காங்கயம் – தாராபுரம் ரோட்டில் ஒரு நால்ரோட்டுப் புளியமரத்தடியில் வண்டி நிற்கும். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். திங்கட்கிழமையிலிருந்து பேச்சைக் காணோம்.

திங்கட்கிழமை ஒரு தோட்டத்துக் கேஸ். கொண்டுபோய்ச் சேர்த்தோம். பிழைக்கவில்லை. இந்த வேலையில் அது நடப்பதுதான். அண்ணனுக்குத்தான் மனதில் தங்கிவிட்டது போலிருக்கிறது.

மகள் தாரணியின் பள்ளி யூனிஃபார்மைத் துவைத்து வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன். மழை விடுவதாக இல்லை. என் வீட்டுக்காரர் லோகு, வேலை செய்கிற தேங்காய்க் களத்தில் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிவிட்டுத் தொப்பலாக வந்தார். உடைத்துப் போட்ட தேங்காயில் மழை பட்டால் பருப்பு பூசணம் பிடித்துவிடும். முதலாளி இவரைத்தான் பிடித்துக் கத்துவார்.

அக்டோபர் 10, வெள்ளி

அண்ணன் கண்ணாடி வழியாக அடிக்கடி பின்னால் பார்க்கிறார். ரோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டியவர். சொன்னேன். "செரி அம்மிணி" என்றார். மறுபடியும் பார்த்தார்.

டீக்கடையில் இரண்டு டீ வாங்கினார். எனக்கு வேண்டாம் என்றேன். தன்னுடையதையும் குடிக்காமல் வைத்துவிட்டார். வீடியோவில் சொன்னார்களே, பசியில்லாமல் போகும் என்று. குறித்துக்கொண்டேன்.

என் மணிக்கட்டில் நகம் பட்ட புண் இன்னும் ஆறவில்லை. கையுறை போடும்போது எரிகிறது.

அக்டோபர் 11, சனி

மழை. விபத்து எதுவுமில்லை. அண்ணன் பேசவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

தாரணி தூங்கும்போது மூச்சு கர் கர்ரென்று சத்தமாக வருகிறது. முன்னால் இப்படி இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு? வண்டியிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வந்து முதுகில் வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் சத்தம் வருகிறது. விழித்துவிட்டாள்.

"என்னம்மா பண்ற?"

"ஒண்ணுமில்ல கண்ணு, தூங்கு."

"நான் தூங்கிட்டுத்தான இருந்தேன்."

லோகு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 15, புதன்

எனக்கு இன்று ஓய்வு நாள். தாரணியைப் பள்ளிக்கு அனுப்பாமல் திருப்பூரில் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, மூக்கில் சதையும் இல்லை என்றார். அவர் சரியாகப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பேசிக்கொண்டே பார்த்தார்.

லோகுவுக்குக் கோபம்.

"புள்ளைக்கு இன்னைக்குக் கணக்குப் பரிச்சை. தெரியுமா உனக்கு?"

"மூச்சு முக்கியமா, கணக்கு முக்கியமா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல மகுடு."

"உங்களுக்கென்ன தெரியும்?"

சத்தம் போட்டுவிட்டேன். தாரணி தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். லோகுவுக்குக் களத்தில் கஷ்டம், அதை வீட்டில் கொண்டுவந்து கொட்டுகிறார்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊதியூர்ப் பக்கம் ஒரு பெரியவர், மூச்சுத்திணறல். உதடெல்லாம் நீலம். ஏற்றிப் படுக்க வைத்து மாஸ்க்கைப் போட்டுத் திருகினேன். காற்று வரவில்லை. மீட்டர் முள் பூஜ்யத்தில் நின்றது. சிலிண்டர் காலி. பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். அவருடைய மருமகள் "என்னுங்க ஆச்சு, என்னுங்க ஆச்சு" என்று கத்துகிறாள். எனக்கு அடுத்து என்ன செய்வதென்று ஒரு நிமிடம் ஓடவில்லை. வண்டி சட்டென்று நின்றது. அண்ணன் பின்கதவைத் திறந்து ஏறி, சீட்டுக்கடியிலிருந்து இன்னொரு சிலிண்டரை இழுத்து, அவரே மாட்டினார். என்னை அவர் பார்க்கவில்லை. பெரியவருக்கு நிறம் திரும்பியது.

சிலிண்டர் காலியாக இருந்ததை அண்ணன் கவனித்திருக்க வேண்டும். காலையில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலைதான். ஆனால் ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தியிருக்கலாம். முன்பெல்லாம் ஞாபகப்படுத்துவார். அவருடைய கவனம் குறைந்திருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

சீட்டுக்கடியில் சிலிண்டர் எப்படி வந்தது என்று கேட்டேன். நான்கைந்து நாளாக ஒன்று கூடுதலாகப் போட்டு வைத்திருக்கிறாராம். ஏன் என்று கேட்டால் காலி சிலிண்டரை இறக்கப் போய்விட்டார்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

டூட்டிக்கு வந்துவிட்டேன். எனக்கு லீவு தந்திருந்தார்கள். பட்டாசு நாள், ஆள் பற்றாக்குறையாக இருக்கும் என்று நானே மேனேஜரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். லோகு விடிந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.

எண்ணெய் வைத்துக் குளிக்கத் தண்ணீரில்லை. நேற்றே பீப்பாயையும் அண்டாவையும் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீரைத் தேக்கி வைத்தால் கொசு வரும், டெங்கு நேரம். பாத்ரூம் தொட்டியையும் அடைப்பை எடுத்து விட்டிருந்தேன். தலையில் எண்ணெய் வழிய லோகு குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் போய்த் தண்ணீர் கேட்டு நின்றார். பண்டிகையும் அதுவுமாக.

"கொசுவா மகுடு?" என்று கேட்டார் திரும்பி வந்து. "நெசமா கொசுவா?"

நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். நேரமாகிவிட்டது.

தாரணி புதுப் பாவாடையில் வாசலில் நின்றாள். மஞ்சள் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். லோகு மஞ்சளே எடுத்து வந்திருக்கிறார்.

அக்டோபர் 23, வியாழன்

மத்தியானம் புளியமரத்தடிக்கு ஒரு பெண் வந்தாள். கூட ஓர் ஆள், அவளுடைய தம்பியாக இருக்கலாம். நான் வண்டிக்குள் மருந்து இருப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வெக்கை என்றாலும் கதவைச் சாத்தியிருந்தேன், தூசி வருகிறது. அண்ணன் அவர்களோடு கொஞ்ச நேரம் பேசினார். "அந்தம்மா இன்னைக்கு லீவுங்" என்று அவர் சொன்னது கேட்டது. நான் சொல்லச் சொல்லவில்லை. அவராகச் சொன்னார்.

அவர்கள் போன பிறகும் இருப்புப் பார்த்து முடியவில்லை. பஞ்சு, ஊசி, பிளாஸ்டர், மறுபடி முதலிலிருந்து. அண்ணன் கதவைத் தட்டி, "போயிட்டாங்க அம்மிணி" என்றார்.

பொய் சொல்வதும் ஓர் அறிகுறிதானா என்று அந்த வீடியோவை மறுபடி பார்க்க வேண்டும்.

அக்டோபர் 27, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

குண்டடம் தாண்டி ஒரு தோட்டத்து வீடு. காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு என்று கண்ட்ரோல் ரூமிலிருந்து போன். வலிப்பு பெரிய விஷயமில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, காய்ச்சலை இறக்கி, மூச்சுவழியைப் பார்த்துக்கொண்டால் போதும். எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

வண்டி நின்றது. பின்கதவைத் திறந்தேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் ஒரு பையன். காய்ச்சலுக்கென்று யாரோ தலையில் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். முடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் கால் இறங்கவில்லை.

"அம்மிணி!"

கேட்டது.

"அம்மிணி, எறங்கு!"

கேட்டது. கம்பியைப் பிடித்திருந்தேன், விட முடியவில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். ஒரு கிழவர் "ஏனுங்க, அந்தப் பொண்ணுக்கு என்னாச்சு?" என்கிறார். அண்ணன் ஓடிப்போய்ப் பையனைத் திருப்பிப் படுக்க வைத்தார். எச்சிலைத் துடைத்தார். தூக்கிக்கொண்டு வந்து ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார். அவனுடைய அப்பாவிடம் மாஸ்க்கைக் கொடுத்து, "இப்படியே புடிச்சுக்குங்க, எடுக்காதீங்க" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆக்சிஜனை நான்தான் திறந்தேன் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் பையன் கண் விழித்து அழத் தொடங்கிவிட்டான். நன்றாக, சத்தமாக அழுதான்.

திரும்பும் வழியில் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, வண்டி ரிப்பேர், இன்றைக்கு வராது என்றார்.

"வண்டில ஒண்ணுமில்லையேண்ணா."

"ஒண்ணுமில்லதான்" என்றார். இறங்கிப்போய் ரோட்டோரம் நின்று யாரிடமோ போனில் பேசினார். கொஞ்ச நேரத்தில் லோகு களத்திலிருந்து அழுக்கு வேட்டியோடு பைக்கில் வந்து நின்றார்.

அக்டோபர் 28, செவ்வாய்

எல்லாம் தெரிந்துவிட்டது. அண்ணன் இரண்டு வாரமாக மேனேஜரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். மகுடேஸ்வரிக்கு லீவு கொடுங்கள், ஆள் சரியில்லை என்று. லோகுவிடமும் பேசியிருக்கிறார். எனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். தீபாவளிக்கு லீவு தானாக வரவில்லை, அதுவும் அண்ணன் வாங்கித் தந்தது.

போன் போட்டுக் கேட்டேன்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்கல்லண்ணா?"

"பயமா இருந்துச்சு அம்மிணி."

"உங்களுக்கென்ன பயம்?"

"நான் முன்னாடி எம்பாட்டுக்கு ஓட்டீட்டுப் போறேன். பின்னாடி நீ இருக்கியா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. அந்த ஊதியூருப் பெரியவரு போயிருந்தா? போயிருந்தா நீ அப்புறம் எந்திரிப்பியா?"

துண்டித்துவிட்டேன். மேனேஜர் கட்டாய விடுப்பில் வைத்திருக்கிறார். டாக்டரிடம் சான்று வாங்கி வந்தால்தான் மறுபடி வண்டி ஏற முடியுமாம். அவர் பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

டாக்டரிடம் போக மாட்டேன் என்று லோகுவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை. வேறு வண்டி, வேறு பைலட் கேட்கப் போகிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

பள்ளிக்கு இன்று உள்ளூர் விடுமுறை. மத்தியானம் தாரணியும் நானும் பாயில் படுத்திருந்தோம். வெளியே நல்ல மழை. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மூச்சுச் சத்தம் வந்தது, அதே கர் கர். காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன். கண் இமை ஆடியது.

"தாரணி, முழிச்சுட்டுத்தான இருக்க?"

சத்தம் நின்றது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"இல்ல. தூங்குறேன்."

"அப்புறம் ஏன் அப்படி மூச்சு விடுற? எங்க வலிக்குது, அம்மாகிட்ட சொல்லு."

"வலிக்கல. சும்மா விட்டேன்."

"சும்மான்னா?"

பாயின் கோரையைப் பிய்த்தாள்.

"சத்தம் கேக்கலீன்னா நீ மூக்குல கை வெச்சுப் பாக்குற. என்னை உலுக்குற. சத்தம் கேட்டா நீ படுத்துக்குவியேன்னு பாத்தேன். எனக்குத் தூக்கம் வர்ற வரைக்கும் விடுவேன். தூங்குனதுக்கப்புறம் எப்படி விடுறதுன்னுதான் தெரியலம்மா."

எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். சாமான் எதையும் எடுக்கவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை நின்ற பிறகுதான் லோகு வந்தார். திங்கட்கிழமை லீவு போடுங்கள், டாக்டரிடம் போகலாம் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு. யாராவது தெரிந்தவர்கள் பார்ப்பார்களோ என்று துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோயாளிகளை இறக்கிவிட எத்தனை முறை இந்த வாசலுக்கு வந்திருக்கிறேன். வாட்ச்மேன் அடையாளம் கண்டுகொண்டு "என்ன சிஸ்டர், கேஸா?" என்றார். "ஆமா" என்றேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னவராக இருப்பார். பெயர் அமிர்தவல்லி. எதற்காக வந்தீர்கள் என்றார். நாச்சிமுத்து அண்ணன் பேசுவதில்லை, டீ குடிப்பதில்லை, கண்ணாடியில் பார்க்கிறார் என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லிக்கொண்டே போனேன். குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "அவர் ஏன் பேசறதில்ல?" என்றார்.

"நான் எரிஞ்சு விழறேன்னு."

"டீ?"

"நான் குடிக்கலீன்னு."

துப்பட்டாவைத் தலையிலிருந்து இறக்கி முகத்தைப் பொத்திக்கொண்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டார். அவசரமில்லை என்றார்.

தூக்கத்துக்கு மாத்திரை. மூன்று வாரம் வேலை இல்லை. வாரம் ஒருமுறை வர வேண்டும். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் நடந்ததை ஒரு தடவை முழுதாகச் சொல்ல முடியுமா பாருங்கள், முடியாவிட்டால் இங்கே வந்து சொல்லுங்கள் என்றார்.

நவம்பர் 4, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

லோகு இன்று களத்துக்குப் போகவில்லை. தாரணி பள்ளிக்குப் போன பிறகு, வெங்காயம் உரித்துக்கொண்டே தொடங்கினேன். அவரும் எதிரே உட்கார்ந்து உரித்தார்.

அந்தத் திங்கட்கிழமைத் தோட்டத்துக் குழந்தையின் பெயர் கவிநயா. நான்கு வயது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியில் விழுந்துவிட்டாள். நாங்கள் போனபோது வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். நாடி இல்லை. ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தேன், ஆஸ்பத்திரி வரைக்கும். அண்ணன் அன்றைக்கு ஓட்டிய மாதிரி என்றைக்கும் ஓட்டியதில்லை. அவளுடைய அம்மா என் மறு கையைப் பிடித்திருந்தாள், நகம் இறங்கியது, நான் இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு கட்டத்தில் அவள் கையை விட்டுவிட்டு முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். மஞ்சள் பாவாடையையும் பிழிந்து விட்டாள். ஈரத்தோட இருந்தா சளி புடிச்சுக்குமுங்க என்றாள். நான் அழுத்திக்கொண்டிருக்கிறேன், அவள் துவட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. நல்லாத் துவட்டுங்க என்று சொன்னேன். வேறென்ன சொல்வது?

லோகு கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டார்.

"இத்தனை நாளா இதையா தனியா வெச்சுட்டிருந்த?" என்றார்.

பிறகு அவர் தன்னுடையதைச் சொன்னார். எனக்குத் தெரியாது. களத்து வழியாக எந்தச் சைரன் போனாலும் வேலையை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவந்து, அது எங்கள் வண்டியா, நேராகத்தான் போகிறதா என்று பார்ப்பாராம். கூலியாட்கள் கிண்டல் செய்வார்களாம். கல்யாணமான வருடத்திலிருந்தே இப்படித்தானாம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ நாலு உசுரைப் பாத்துட்டு வர்ற. எம்பட பயத்தையும் உன் தலைல கட்டச் சொல்றியா?"

வெங்காயம் தேவைக்குமேல் உரித்துவிட்டோம். சாம்பாரே வெங்காயச் சாம்பாராகிவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

நாச்சிமுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே செருப்போடு நின்றார். நான் போன் எடுக்காமல் இருந்ததால் உள்ளே வரலாமா என்று சந்தேகம். லோகு கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

வெகுநேரம் மழையைப் பற்றியே பேசினார்கள். பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணு வந்துச்சல்ல அம்மிணி. சண்டைக்கு வரல."

"பின்ன எதுக்குண்ணா?"

"உங்கைல நகம் கீறி ரத்தம் வந்துச்சாமா. அது ஆறிருச்சான்னு கேட்டுட்டுப் போகோணும்னு வந்துச்சு. தம்பிகாரன் வேண்டாங்கறான், கேக்காம வந்திருக்குது. நீ உள்ளாற ஒளிஞ்சுட்டிருக்கற. நான் என்ன சொல்றது? ஆறிருச்சு தாயின்னு சொல்லி அனுப்பினேன்."

மூன்று பேரும் என் மணிக்கட்டைப் பார்த்தோம். தோல் மூடியிருந்தது. வெளுத்த கோடு மட்டும்.

அவருக்கும் தூக்கமில்லை என்பதை அப்போதுதான் சொன்னார். கண்ணை மூடினால் அந்தத் தோட்டத்துக் கேட்டைத் திறக்க இறங்கி ஓடியதுதான் வருகிறதாம். கேட்டைத் திறக்காமல் இடித்துக்கொண்டு போயிருந்தால் என்று. அதனால் எதுவும் மாறியிருக்காது என்று நான் சொன்னேன். குழந்தை தொட்டிக்குள் வெகுநேரம் இருந்திருக்கிறாள், நாம் கிளம்பும் முன்பே முடிந்துவிட்டது என்றேன். நாடி பார்த்த எனக்குத்தான் அது தெரியும். இதுவரை அவரிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. இத்தனை நாளும் அவர் கேட்டை இடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தாரணி தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

அமிர்தவல்லி டாக்டரின் நேரத்தை அவருக்கும் வாங்கித் தருவதாக லோகு சொல்லியிருக்கிறார். "எனக்கெதுக்குங்" என்றார் அண்ணன். நானும் அப்படித்தான் சொன்னேன் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

தாரணி தன் அப்பாவோடு உள்ளறையில் படுத்துக்கொள்கிறாள், டாக்டர் சொன்னபடி. நடுவில் எழுந்துபோய்ப் பார்க்காமல் இருப்பது சிரமமாக இருக்கிறது. நேற்று ஒருமுறை போய்விட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

சான்று கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன். மேனேஜர் வேறு பைலட் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

காலையில் சிலிண்டரைப் பார்த்தேன். அண்ணனும் வந்து எட்டிப் பார்த்தார். நான் முறைத்தேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மத்தியானம் ஒரு கேஸ். சந்தைக்கு வந்த கீரைக்காரம்மா, நெஞ்சுவலி. முடிந்ததெல்லாம் செய்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை. ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போய்விட்டார். உடலை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த பிறகு அண்ணன் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு டீக்கடைக்குப் போனோம்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் லோகுவிடம் சொன்னேன், இன்றைக்கு ஒருவர் போய்விட்டார் என்று. அவர் டி.வி.யை நிறுத்தினார். நல்லதுக்குத்தான், விதி என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை.

"பேரென்ன?" என்று கேட்டார்.

"காளியாத்தா."

"எந்த ஊரு?"

சொன்னேன். எங்கே ஏற்றினோம், என்ன பேசினார், கீரைக் கூடையை யாரிடம் விட்டு வந்தார், எல்லாம் கேட்டார். எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழுதேன். தாரணி வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அழுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது, காரணமும் தெரிந்தது. மறுபடி குனிந்து எழுதத் தொடங்கினாள்.

அழுது முடித்து முகம் கழுவினேன். நன்றாகப் பசித்தது.